எட்டு மில்லியும் இரண்டரை நூலும்

வீட்டில் சின்ன என்ஜின் ரிப்பேர் செய்கிறவனுக்கு ரிப்பேர் பாதி வேலைதான். மீதிப் பாதி, அந்த ரிப்பேருக்கென்றே கம்பெனிக்காரன் செய்து வைத்திருக்கும், நம்மிடம் இல்லாத ஒரே ஒரு கருவிக்கு மாற்று தேடுவது. போர்டிகோவில் பழைய செய்தித்தாளை விரித்து உட்காரும் என்னைப் போன்றவர்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

துணி காயப்போடும் கயிறு

உடுமலையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர் சரசு. பல வருடம் கூலிக்குக் கையால் களை எடுத்தவர். போன வருடம் ஒரு புல்வெட்டும் மெஷின் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். தென்னந்தோப்புகளில் நல்ல பெயர். ஒரு வியாழக்கிழமை அந்த மெஷினோடு வந்து நின்றார். ஸ்டார்ட் செய்யக் கயிற்றை இழுத்தால் அது எதிர்ப்பக்கம் வெடுக்கென்று கையைப் பிடுங்கியது. திங்கட்கிழமை ஒரு பெரிய தோப்பில் வேலை தொடங்க வேண்டும். மெஷின் இல்லாமல் போனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். சர்வீஸ் கடையில் கேட்டால், "கழட்டற டூல் உடைஞ்சு போச்சு, மூணு வாரமாகும்" என்றார்களாம்.

என்ஜினின் ஒரு முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் உண்டு. அதைத் தண்டோடு சேர்த்துப் பிடித்திருப்பது நகத்துண்டு அளவு சாவி. அது அறுந்தால் சக்கரம் நகர்ந்துவிடும், தீப்பொறி தப்பான நேரத்தில் வரும். புதுச் சாவி கடையிலேயே கிடைத்தது. பழையதை எடுக்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். முதலில் அதன் நட்டு. நட்டைத் திருப்பினால் சக்கரமும் சேர்ந்து சுற்றியது. பிஸ்டனை நிறுத்திப் பிடிக்க ஒரு கருவி உண்டு, என்னிடம் இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக நைலான் கயிற்றை உள்ளே விட்டேன். சிலிண்டரின் பக்கத் துளைகளைத் தாண்டி பிஸ்டன் மேலே வந்த பிறகே கயிறு விட வேண்டும். இல்லாவிட்டால் துளையில் மாட்டி அறுபடும். பிஸ்டன் மேலே வந்து கயிற்றில் முட்டி மெத்தென்று நின்றது. நட்டு கழன்றது. நான் பெருமையோடு நிமிர்ந்தபோது, கையில் பக்கெட்டோடு என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"மிசினு பொழச்சுக்கும், ஈரத்துணிய எங்கீங்க போடறது?"

மூன்றாவது சுற்று

நட்டு போன பிறகும் சக்கரம் அசையவில்லை. சுத்தியலால் தட்டினால் வளைந்துவிடும். அதை இழுத்துக் கழற்றத்தான் அந்த உடைந்து போன டூல். வெள்ளிக்கிழமை காலை நானே ஒன்று செய்தேன். பழைய பம்பிலிருந்து அரை இன்ச் இரும்புத் தகடு. சக்கரத்தில் இருந்த இரண்டு துளைகளுக்கு நேராகத் தகட்டிலும் இரண்டு துளை. நடுவில் இன்னொரு துளை போட்டு, அதன் மேல் ஒரு நட்டைக் கிரில் பட்டறையில் வெல்டு வைத்துக்கொண்டேன். பக்கத்து போல்ட்டுகள் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் போடும் பெரிய போல்ட் தண்டைத் தள்ளும். சக்கரம் வெளியே வரும்.

பக்கத்து போல்ட்டுகளை என் டப்பாவிலிருந்தே எடுத்தேன். இரண்டரை நூல், அதாவது இன்ச்சில் பதினாறில் ஐந்து பங்கு. துளையில் அழகாக உட்கார்ந்து இரண்டு சுற்றுப் போய், இறுகியது. நான் ஸ்பேனரை எடுத்தேன். இந்த இடத்தில் நாம் எல்லோரும் ஸ்பேனரைத்தான் எடுப்போம். அந்தச் சக்கரம் அலுமினியம். துளைக்குள் இருக்கும் திருகு மரை அழிந்தால் மெஷினே போனது மாதிரி. பார்த்துக்கொண்டிருந்த சரசுதான் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்ணா, ரெண்டு சுத்துக்கே மொனகறது, மூணாவதுக்கு மனசாரப் போகுமுங்களா?"

காதர் பாய் கடை

சனிக்கிழமை காலை, சரியான போல்ட் தேடி, முதல் பஸ்ஸில் கோவை உக்கடம் போய் இறங்கினேன். மடியில் சாக்கில் சுற்றிய என்ஜின். பக்கத்து சீட்டுக்காரர் பெட்ரோல் வாசனைக்கு எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

காதர் பாய் பழைய இரும்புக் கடைக்காரர், இருபது வருடப் பழக்கம். என் போல்ட்டைப் பார்த்தார், துளையைப் பார்த்தார். அளவுகோல் எடுக்கவேயில்லை. குவியலில் கைவிட்டு வேறு இரண்டு போல்ட் எடுத்து, விரலாலேயே சுற்றினார். கடைசி வரை போனது. அவை எட்டு மில்லி, அதாவது எட்டு மில்லிமீட்டர். என்னுடையது அதைவிட மயிரிழை மெலிவு. அதனால்தான் உள்ளே நுழைந்தது. ஆனால் மரையின் இடைவெளி வேறு, அதனால்தான் சிக்கியது. மோட்டார் பட்டறைகளில் நூல் கணக்கிலேயே வளர்ந்த எங்கள் ஊர்க் கைகள் செய்யும் தப்பு இது. அங்கேயே கடை வாசலில் தகட்டை மாட்டினோம். நடு போல்ட்டை இறுக்கி, அதன் தலையில் நான் ஒரே ஒரு தட்டு. டப்பென்று சக்கரம் கையோடு வந்தது. பாய் சக்கரத்தைப் பார்க்கவில்லை. தகட்டைத்தான் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தகடு மொதல் தரமுங்க. செஞ்ச ஆளுக்குத்தான் மில்லி தெரியல."

விசிட்டிங் கார்டு

அன்று சாயங்காலமே புதுச் சாவி உட்கார்ந்தது. அடுத்து, சக்கரத்தின் காந்தத்துக்கும் பக்கத்திலிருக்கும் காயில் என்ற கம்பிச்சுருளுக்கும் நடுவே சரியான இடைவெளி வேண்டும். அதிகமானால் தீப்பொறி வராது, குறைந்தால் உரசும். அதை அளக்க மெல்லிய தகடுகள் விற்கிறார்கள். என்னிடம் இருந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை அட்டைப்பெட்டி கனம், உள்ளேயே போகவில்லை. சரசு பையைத் துழாவி ஒரு விசிட்டிங் கார்டு கொடுத்தார். நடுவில் செருகி, காயிலைத் தள்ளி, திருகை முடுக்கி, கார்டை உருவினேன். அளந்து வைத்த மாதிரி. பிறகுதான் கார்டில் இருந்த பெயரைப் படித்தேன். அந்த சர்வீஸ் கடை. சரசு கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னார்.

"மூணு வாரமாகும்னவுங்க மூணு நிமிசத்துல செஞ்சு குடுத்துட்டாங்க பாருங்க!"

ரேடியோ ஏரியல்

ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடியது, ஆனால் இருமிக்கொண்டே. கார்புரேட்டர் திருகைச் சரி செய்ய வேண்டும். அதன் தலையில் ஸ்க்ரூடிரைவருக்கான பள்ளமே இல்லை. சுற்றிலும் பொடிப் பொடியாகப் பல். கண்டவர்கள் கை வைக்கக் கூடாதென்று அப்படிச் செய்கிறார்கள். நான் கண்டவன்தான். ஓடாத ரேடியோவின் ஏரியலில் ஒரு துண்டு பித்தளைக் குழாயை அறுத்து, திருகின் தலைமேல் வைத்து மெல்லத் தட்டினேன். பித்தளை மெத்தென்ற உலோகம். பல்லின் தடத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. இனி திருகு நான் சொன்னபடி.

எவ்வளவு திருப்புவது? என் காதுக்கு முதல் கால் சுற்றிலேயே சரியாகிவிட்டது. சரசு இல்லையென்று தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம். மறுபடியும் தலையாட்டல். பிறகு மெஷினைத் தோளில் மாட்டி, எங்கள் வேலியோரத்துக் கோரையில் இறக்கினார். ஒரே வீச்சு. பக்கத்து வீட்டு நாய் ஓடியது. நான்கு நாளில் முதல்முறையாக அவர் சிரித்தார்.

"இப்பத்தானுங்ணா இது புல்லு வெட்டற சத்தம்."

திங்கட்கிழமை போன்

மத்தியானம் வரை நான் எதிலும் கை வைக்கவில்லை. சாவி மறுபடி அறுந்தால்? நட்டைப் போதுமான அளவு முடுக்கினேனா? ஒரு மணிக்குச் சரசுவிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் இரண்டு மெஷின் சத்தம். ஒன்று சரசுவுடையது, காலையிலிருந்து நிற்கவில்லையாம். தோப்புக்காரர் பக்கத்துத் தோப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டாராம். இன்னொன்று, கூட வந்த பெண்ணுடையது. அதே கோளாறு, அதே கடை, அதே மூன்று வாரம். சரசு என் தகட்டைச் சொல்லாமல் எடுத்துப் போயிருக்கிறார். கயிறு, தகடு, கார்டு, எல்லாம் நான் செய்த வரிசையிலேயே செய்து, சாவி மாற்றி ஓட்டிவிட்டார். தகடு எப்போது வரும் என்று மட்டும் கேட்டேன்.

"இங்க இன்னும் ரெண்டு பேரு கேட்டுருக்காங்க. நீங்க வேற ஒண்ணு செஞ்சுக்குங்ணா, உங்களுக்குத்தான் இப்ப மில்லி தெரியுமுங்களே!"

நம் கையால் செய்த கருவி நல்ல கருவிதானா என்று தெரிந்துகொள்ள நான் கண்ட ஒரே வழி, அதைக் கொண்டுபோனவர் திருப்பித் தருகிறாரா என்று பார்ப்பது. இன்றுவரை எனக்கு அது திரும்பி வரவில்லை.