ஏழில் எது பாடவில்லை

வீட்டில் ஓர் அறையை இசை கேட்பதற்கென்றே ஒதுக்கி, அதில் ஏழு ஸ்பீக்கர்களை மாட்டிக் கொடுப்பது என் தொழில். அந்தத் தொழிலில் எனக்குப் பெயர் வாங்கித் தந்த கதையை நானே பல வருடங்களாக நம்பவில்லை.

கதையைச் சொல்பவன் சுடலைமுத்து. தாராவிக்காரன். என்னுடன் ஒயர் இழுப்பவன், துளை போடுபவன். புது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதுமே ஆரம்பித்துவிடுவான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் திலக் நகரில் எங்கள் முதல் பெரிய வேலை. ஏழு ஸ்பீக்கரும் மாட்டிப் பாட்டுப் போட்டாயிற்று. வீட்டுக்காரருக்கு மட்டும் திருப்தியில்லை. என்னவோ குறைகிறது என்கிறார், என்னவென்று சொல்லத் தெரியவில்லை. நான் கதவு சாத்திய சமையலறையில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன். அங்கிருந்தபடியே, "பின்னாடி இடது பக்கம் இருக்கறது பாடலை" என்கிறேன். சுடலை போய்ப் பார்க்கிறான். ஒயர் கழன்று கிடக்கிறது. "அண்ணாச்சி காது அப்படிப்பட்ட காதுல்லா" என்று முடிப்பான். அதற்குள் அந்த வீட்டு அம்மாள் எனக்குக் காப்பி கலக்க உள்ளே போயிருப்பாள், ஏதோ காப்பி குடித்தால்தான் என் காது திறக்கும் என்பதுபோல.

நான் அப்படிச் சொன்னது உண்மை. காப்பி குடித்ததும் உண்மை. ஆனால் பின்னால் இருக்கும் ஸ்பீக்கரில் வருவது பெரும்பாலும் கைதட்டலும் எதிரொலியும்தான். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம், குக்கர் பக்கத்தில் நின்றுகொண்டு அது இல்லை என்று கண்டுபிடிப்பது வௌவாலுக்கு வேண்டுமானால் முடியும். வீட்டுக்காரர் முறைத்ததில் எதையாவது உளறிவைத்தேனோ? கதை நிஜமானால் நான் காது உள்ளவன். இல்லையென்றால் அடுத்தவர் சுவரில் துளை போடுகிறவன், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் ஸ்பீக்கர் இருந்தால், அல்லது ஸ்பீக்கர் வாங்கும் ஒருவரை நீங்கள் கல்யாணம் செய்துகொண்டிருந்தால், என் அவஸ்தை உங்களுக்குப் புரியும். "இப்ப வித்தியாசம் தெரியறதா?" என்று யாரோ கேட்டு, ஒன்றும் தெரியாமலே நீங்களும் ஒரு நாள் தலையாட்டியிருப்பீர்கள்.

மின்விசிறிக்குக் கீழே

இந்த மாதிரி அறைகளில் ஒரே ஓர் இருக்கைதான் முக்கியம். ஏழு ஸ்பீக்கரின் சத்தமும் சரிசமமாக வந்து சேரும் இடம் அது. மாட்டுங்காவில் ஒரு வீட்டில் டேப் பிடித்து அளந்து, அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன். வீட்டு மாமி வந்து வட்டத்தைப் பார்த்தாள், பிறகு அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறி அங்கிருந்து மூன்றடி தள்ளி இருந்தது. வட்டத்தைப் புடவைத் தலைப்பால் அழித்துவிட்டு, காற்று வரும் இடத்தில் நாற்காலியைப் போட்டாள். ஏழு ஸ்பீக்கரையும் நான் மின்விசிறியைச் சுற்றி மறுபடி மாட்டினேன். அதில் முன்பக்கத்து இடது ஸ்பீக்கர் இரும்பு பீரோவுக்கு அருகில் போய் மாட்டிக்கொண்டது. பீரோ கதவைத் திறந்தால் ஸ்பீக்கர் முழுதாக மறைந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து எப்படியிருக்கிறது என்று விசாரிக்கப் போனேன். மாமா மிகவும் சந்தோஷமாக இருந்தார். பீரோவைத் திறந்து காட்டினார், மூடிக் காட்டினார். பாடுகிறவர் இடம் மாறுகிறாராம். நானும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மாறினாரா, மாறவில்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தொழில்காரனுக்குத் தெரியாதது மாமாவுக்குத் தெரிகிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "மாமி புடவை எடுக்கணும்னு பீரோவைத் திறந்தா, பாகவதர் தானா வலது பக்கம் ஒதுங்கிடறார். மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

மச்சானின் முகம்

தாராவியில் பால்துரை என்பவர் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக்கு மேலே ஒன்பதுக்குப் பத்தில் ஓர் அறை. இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். சுவர் முழுக்கத் தோல் துணுக்குகளைத் திணித்து மேலே துணி அடித்திருந்தார். நான் போட்டிருக்கக்கூடிய எந்தப் பஞ்சையும்விட அது எதிரொலியை நன்றாக விழுங்கியது. வாசனைதான் கொஞ்சம் புதுச் செருப்புக்கடை. ஏழு ஸ்பீக்கரும் மாட்டியபின் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் இடம் இருந்தது. முதல் நாள் கேட்க வந்த சொந்தக்காரர்களோ பதினோரு பேர்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் முழுசாகக் கேட்கும் என்று நான் தொழில் சுத்தமாக விளக்கினேன். பால்துரை யோசித்தார். கூட்டத்திலேயே எதற்கும் சிரிக்காத மனிதரான தன் மச்சானைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். மற்றவர்கள் ஏணியிலும் வாசலிலும் தொற்றிக்கொண்டு மச்சானின் முகத்தையே பார்த்தார்கள். ஏணியின் கீழ்ப்படியில் நின்ற மச்சானின் அக்கா, "ஏதாவது தெரியுதா?" என்று கேட்க, "இப்பத்தான் புருவம் ஏறுது" என்று மேலே நின்றவர் தகவல் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நான் செய்வது இதைத்தானே? பாட்டை எங்கே கேட்கிறேன், வீட்டுக்காரர் முகத்தை அல்லவா பார்த்துக்கொண்டு நிற்கிறேன்? எல்லோரும் உட்காரும்படி பெரிய அறையாகப் பார்க்கலாமே என்று பால்துரையிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "எதுக்கு அண்ணாச்சி வீண் செலவு? பாட்டு நல்லாருக்கான்னு அவன் மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சிரும்லா."

பட்டன்

சந்தேகம் முற்றியதில், வீட்டில் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுக் காது பரிசோதனைக்குப் போனேன். சின்னக் கண்ணாடி அறை. ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் பரிசோதனை செய்யும் பெண். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவளாம். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், எவ்வளவு மெலிதாக இருந்தாலும் அமுக்கலாம் என்றாள். ஐம்பத்து நான்கு வயதில் பரீட்சை எழுதுகிற பயம் எனக்கு. கண்ணை மூடினேன். மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்டது; அமுக்கினேன். அதைவிட மெல்லியதாக இன்னொன்று, அமுக்கினேன். மூன்றாவது கொசுவின் பேத்தி மாதிரி இருந்தது. அதையும் விடவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. திலக் நகர் கதை நிஜம்தான், சுடலை ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணாடியைத் தட்டும் சத்தத்தில் கண்ணைத் திறந்தேன். அவள் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்: "அங்கிள், ஏக் மினிட் ருக்கோ. நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலை."

துண்டு கட்டிய பரீட்சை

செம்பூர் சேது மாமா அரசாங்க அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு ஸ்பீக்கரும் மாட்டி முடித்ததும் ஒரு பழைய கச்சேரியைப் போடச் சொன்னார். அந்தக் காலத்து ஒலிப்பதிவு. முன்னால் இருந்த இரண்டு மட்டுமே பாடின. மாமா ஒவ்வொரு ஸ்பீக்கரிடமும் போய்க் காதை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். "ரெண்டு பேர் வேலை பாக்கறா, அஞ்சு பேர் சும்மா நிக்கறா. என் செக்‌ஷனும் இப்படித்தான் இருந்தது" என்றார். ஏழும் சேர்ந்து பாடும்படி மாற்றிக் கொடுத்தேன். அப்போதும் முகம் தெளியவில்லை. சமயம் பார்த்துச் சுடலை திலக் நகரை எடுத்துவிட்டான். மாமா முழுக்கக் கேட்டார். பிறகு, "நான் ஒரு ஸ்பீக்கரைக் கழட்டறேன். நீர் கண்ணைக் கட்டிண்டு எதுன்னு சொல்லும். சொல்லிட்டா சான்பாடாவில என் மைத்துனன் ரூமும் உமக்குத்தான்" என்றார்.

ஈரிழைத் துண்டால் அவரே என் கண்ணைக் கட்டினார். எனக்குச் சான்பாடா நினைவில் இல்லை. பன்னிரண்டு வருடக் கதைக்கு இன்று பதில் தெரிந்துவிடும் என்பதுதான் மனதில் ஓடியது. மாமா பின்னால் நடக்கும் சத்தம் கேட்டது. குனிந்தார், முனகினார், நிமிர்ந்தார். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. உற்றுக் கேட்டேன். ஏழும் பாடுவதாகத்தான் தோன்றியது. எது பாடவில்லை என்று எவ்வளவு தேடியும் பிடிபடவில்லை. என் காதின் லட்சணம் இதுதான் என்று முடிவு கட்டினேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "பின்னாடி வலது பக்கம்" என்று, திலக் நகரில் சொன்ன அதே கம்பீரத்துடன் சொல்லிவிட்டது.

மாமா பேசத் தொண்டையைச் செருமினார். அதற்குள் சுடலை, "இருங்க மாமா, நான் பாக்கேன்" என்று என்னைத் தாண்டிப் போனான். அவன் காலடிச் சத்தம் எனக்குப் பின்னால் வலது பக்கத்தில் நின்றது. அடுத்த நொடி, அந்த மூலையில் யாரோ ஒரு ஜன்னலைச் சாத்தியதுபோலப் பாட்டு லேசாகச் சுருங்கியது. அதுவரை ஏழும் பாடிக்கொண்டிருந்தன. இப்போது ஆறு. சந்தேகமே இல்லாமல், துல்லியமாக, என் காது அதைக் கேட்டது.

"ஆமா, கழண்டுல்லா கிடக்கு" என்றான் சுடலை. துண்டை அவிழ்த்துப் பார்த்தேன். ஒயர் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லி அறியாதவன் போல நின்றிருந்தான். அந்த ஒயரைக் காலையில் திருகி இறுக்கியவன் நான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்ட மாமா ஒயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரலில் முதல் தடவையாக மரியாதை இருந்தது: "உம்மை மடக்கணும்னு சும்மா குனிஞ்சு நிமிர்ந்தேன், ஒண்ணையும் கழட்டலை. நான் கழட்டாததையே கண்டுபிடிச்சுட்டீரே ஓய்."

செம்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றோம். சான்பாடா வீட்டில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று சுடலை இப்போதே வசனத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு உண்மையிலேயே காது இருக்கிறது என்பதற்கு இத்தனை வருடத்தில் கிடைத்த ஒரே சாட்சி, அது இல்லையென்று நினைத்து ஒருவன் எனக்காகச் செய்த திருட்டுத்தனம்தான். நான் அவன் தோளில் கை வைத்துக் கேட்டேன்: "சுடலை, திலக் நகர்ல அந்த ஒயர் கழண்டது நீ போய்ப் பாக்கறதுக்கு முன்னாடியா, போன பிறகா?"