அரக்குப் பட்டு எடுக்கத் தி.நகர் போன ஞாயிறு

காலை 7.20. பெரும்பாக்கம் குடியிருப்பு வாசலில் நானும் அம்மாவும் வெள்ளைப் பலகைப் பேருந்தில் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவுக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போகிறோம். முதல் சம்பளத்தில் பட்டு என்று ஆறாம் வகுப்பில் வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

ஆனால் எட்டு மாதமாக நான் பால், முட்டை, மீன், தேன் தொடுவதில்லை. தோல் செருப்பையும் விட்டாயிற்று. பட்டு நூலுக்காகப் புழுவைக் கூட்டோடு கொதிக்க வைப்பார்கள் என்பதை மட்டும், மீன் விற்று என்னைப் படிக்க வைத்த அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் புடவையே வேண்டாம் என்பாள் என்று பயம்.

8.35. அடையாறு. அடுத்த பேருந்துக்கு முன் ஆளுக்கொரு டீ.

"மாஸ்டர், எனக்குப் பால் டீ. பாப்பாவுக்குப் பால் இல்லாம."

"இன்னாம்மா, வவுறு சரியில்லியா?"

"அதெல்லாம் இல்ல. மாட்டுப் பாலு கன்னுக்குட்டிக்குத்தானாம். படிச்ச புள்ள சொல்லுது."

"அப்ப என் பொழப்பு?"

"கட்டன் டீக்கும் காசு வாங்குற இல்ல நைனா? அந்த கிளாஸ் வேணாம், பால் ஒட்டிக்கினு கீது. கழுவிக் குடு."

அவர் சிரித்துக்கொண்டே கழுவினார். அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தந்தாள்.

கோட்டூர்புரம் பாலத்தில் இருவரும் ஒரே பக்கம் திரும்பினோம். இடித்துவிட்டு எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பும் முன் ஆற்றங்கரையில் எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது புல்தான்.

10.10. தி.நகர். கடையின் இரண்டாவது மாடி. அரக்கு நிறம், பச்சைக் கரை, விலை 6,800 ரூபாய். அம்மா தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள். விற்பனையாளர் முந்தானையில் ஒரு நூலை உருவிப் பற்ற வைத்தார்.

"மோந்து பாருங்கம்மா. முடி கருகுற வாசனை. அசல் பட்டு."

"நூலுக்கு இன்னாத்துக்கு முடி வாசன?"

"புழுவக் கூட்டோட கொதிக்க வெச்சு எடுக்கறதும்மா."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "உசுரோடவா?"

தலையாட்டினேன்.

"தெரிஞ்சிக்கினேதான் இட்டாந்தியா?"

"சொன்னா வேணாம்னுடுவ."

புடவையைக் கீழே வைத்தாள். கை மட்டும் கரையைத் தடவிக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அதற்கு நான் ஆசைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"நான் தெனமும் மீனு அறுக்கிறவ," என்றாள். "எனக்கு ஆசதான்டி. கட்டிப் பாக்கணும்."

நான் பணம் கட்டினேன்.

1.15. திரும்பும் பேருந்து. நான் கை நீட்டியும் அம்மா பையைத் தரவில்லை. தன் மடியிலேயே வைத்திருந்தாள். துரைப்பாக்கம் தாண்டியதும் சொன்னாள்: "மாமா வூட்டுக் கல்யாணத்துக்குக் கட்டும்போது பக்கத்து வூட்டுக்காரியக் கொசுவம் புடிக்கச் சொல்றேன். நீ தொட வேணாம்."

எட்டு வயதிலிருந்து அம்மாவின் புடவைக்குக் கொசுவம் பிடிப்பவள் நான். அவள் காலடியில் மண்டியிட்டு, மடிப்பு மடிப்பாக. காலையில் எனக்காக டம்ளரைக் கழுவ வைத்தவள், இப்போது அதே அக்கறையில் புடவையிடமிருந்து என்னையும் விலக்கி வைக்கப் பார்க்கிறாள்.

"நான் பட்டு கட்ட மாட்டேன். உனக்குக் கொசுவம் நான்தான் புடிப்பேன்."

அம்மா பையைப் பாதி என் மடிக்கு நகர்த்தினாள். பெரும்பாக்கம் வரை அது இரண்டு மடியிலும் இருந்தது.