ராஜா அளவும் ராணி அளவும்

மேடைக்கு வருகிற ராஜாவை ஊரே பார்க்கலாம். பனியனோடு வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிற ராஜாவைப் பார்க்கக் கொடுத்துவைத்தவள் உடை தைப்பவள் மட்டும்தான். பாளையங்கோட்டையில் இருபது வருஷமாக ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பாக்கியம் போன வருஷம் கிடைத்தது. கழுத்தில் இஞ்சு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஜனங்கள் சொல்லும் பொய் அளவுகளைச் சிரிக்காமல் எழுதிக்கொள்ளும் சக தையல்காரர்களே, உங்களைத் தவிர வேறு யாருக்கு இதெல்லாம் புரியும்?

ராஜ உடம்பு

சங்கரலிங்கம் அண்ணாச்சி மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலையில் கடைக்கு வந்து, யார் வீட்டுப் பரணிலோ பழைய இசை நாடக நோட்டு ஒன்று கிடைத்திருப்பதாகச் சொன்னார். பெயர் 'மரகதபுரி மன்னன்'. மன்னன் ராணியைச் சந்தேகப்பட்டுக் காட்டுக்கு அனுப்புகிறான். ராணி சபையில் நின்று நியாயம் கேட்டுப் பாடுகிறாள். கடைசியில் மன்னன் அழுகிறான். அதைத் திரும்ப மேடையேற்றிக் கலைக்கு உயிர் கொடுக்கப் போகிறாராம். மன்னன் வேஷம் யாருக்கு என்று கேட்டேன். "வேற யாரும்மா இருக்கா" என்றார், பெரிய பாரத்தை யாரோ தன் தலையில் ஏற்றிவிட்டதுபோல.

அளவெடுக்க டேப்பை இடுப்பில் சுற்றினேன். அண்ணாச்சி மூச்சை உள்ளே இழுத்தார். எங்கே போயிற்று அந்த வயிறு என்று எனக்கே தெரியவில்லை. டேப் முப்பத்தெட்டு காட்டியது. நான் அவரிடம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார், டேப் நாற்பத்து மூன்றுக்குப் போனது. அதைத்தான் நோட்டில் எழுதினேன். மூச்சை மறுபடி இழுத்துக்கொண்டு எவ்வளவு என்று கேட்டார். முப்பத்தெட்டு என்றேன். கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பாத்தியாம்மா, இது தானா அமஞ்ச ராஜ உடம்பு."

மந்திரி முதுகு

அண்ணாச்சிக்கு வெல்வெட் அங்கிதான் வேண்டும். சித்திரை மாச வெயிலில் வெல்வெட்டா என்று கேட்டதற்கு, ராஜாவுக்கு வெயில் கிடையாது என்றார். ஒத்திகை ஒரு கல்யாண மண்டபத்தில். முதல் நாளே அங்கிக்குள் மரகதபுரி மன்னன் இட்லிக் கொப்பரையில் வைத்த மாதிரி வெந்துகொண்டிருந்தார். அதில் வசனம் வேறு மறந்துபோயிற்று. பாட்டு வரும், வசனம் வராது. முப்பது வருஷம் ஆபீஸ் கோப்புகளைப் பார்த்துப் பார்த்தே பேசிப் பழகிய வாய்.

மறுநாள் என்னைத் தனியாக அழைத்துப்போனார். மந்திரியின் சால்வையில், முதுகுப் பக்கம், வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுத்துணியாகத் தைத்துத் தரச் சொன்னார். மந்திரியாக நடித்த இசக்கிக்கு வண்ணார்பேட்டையில் பலசரக்குக் கடை. மனுஷன் தன் வசனத்தை மட்டுமல்ல, எல்லார் வசனத்தையும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். ராணியைக் காட்டுக்கு அனுப்பும் காட்சியில் அவர் மன்னனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டியதாயிற்று. உணர்ச்சி மிகுதியில் இசக்கி ஒரு தடவை மன்னனைப் பார்த்துத் திரும்பிவிட்டார். மன்னன், "அடி பாதகி, உன்னை" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். கையால் 'திரும்பு, திரும்பு' என்று சைகை காட்டினார். இசக்கி சால்வையைக் கழற்றி மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, நான் மந்திரியா, கரும்பலகையா? அதை மட்டும் சொல்லிருங்க."

இரண்டாவது அளவு

ராணி வேஷம் ரேவதிக்கு. தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சின்ன வயதில் முறையாகப் பாட்டுப் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பாடுவதை விட்டிருந்தாள். யாரும் பாடாதே என்று சொல்லவில்லையாம், பாடு என்றும் யாரும் சொல்லவில்லையாம். முதல் ஒத்திகையில் அவள் அந்தச் சபைப் பாட்டை எடுத்தபோது, மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். அண்ணாச்சிக்கு அது கொஞ்சம் உறுத்தியது. தன் தம்பி மகளும் நன்றாகப் பாடுவாள், ஒரு அவசரத்துக்கு அவளும் தயாராக இருக்கிறாள் என்று வாரத்துக்கு ஒரு தடவை எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து ரேவதிக்கு ரவிக்கையைப் போட்டுப் பார்த்தேன். கொக்கி எட்டவில்லை. சரி, நான்தான் தப்பாக எடுத்தேன் என்று பிரித்துத் தைத்தேன். பத்து நாள் கழித்து மறுபடி எட்டவில்லை. இருபது வருஷம் டேப் பிடித்த கைக்கு எது சாப்பாட்டுச் சதை, எது வேறு என்று தெரியாதா? நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலாவது மாசம். ஆறு வருஷம் காத்திருந்து வந்தது. பாடலாம், குதிக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நாடகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மறுநாளே தம்பி மகள் ராணியாகிவிடுவாள். ரவிக்கைக்குள் நாலு இஞ்சு துணி விட்டு, பக்கவாட்டில் நாடா கோத்து, மேலாக்கை மடிப்பு மடிப்பாக விழும்படி தைப்பது என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம். போகும்போது அவள் சொன்னாள்: "யக்கா, யாராவது கேட்டா, ரேவதி இப்ப ரொம்பத் திங்கான்னு சொல்லிருங்க."

ஆராய்ச்சியாளர் வந்தார்

நாடகம் அசல் மாதிரியே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, வெளியூரிலிருந்து ஒரு ஆராய்ச்சியாளரை அண்ணாச்சி வரவழைத்தார். வந்தவர் எல்லா உடையையும் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். கொக்கி கூடாது, ஜிப் கூடாது என்றார். அது இல்லாமல் அண்ணாச்சியை அங்கிக்குள் எப்படி ஏற்றுவது என்று நான் கேட்டதற்கு அவரிடம் குறிப்பு இல்லை. அடுத்து ரேவதியைப் பார்த்தார். ராணி என்றால் இடுப்பை இறுக்கி ஒட்டியாணம் கட்டியிருக்க வேண்டும், இதென்ன முன்னால் இவ்வளவு துணி என்றார். நான் மேலாக்கைச் சரிசெய்கிற சாக்கில் அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

ஆர்மோனியத்துக்கு முன்னால் சுப்பையா உட்கார்ந்திருந்தார். வாலிப வயதில் அந்த நாடகத்துக்கு நிஜமாகவே வாசித்தவர் எங்கள் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். அவரை அதுவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "காட்டுக்குப் போறவ நகையை எல்லாம் கழத்தி வச்சிட்டுத்தான் சபைக்கு வருவா. ஒட்டியாணம் கிடையாது." அது நிஜமா, எங்களைக் காப்பாற்றச் சொன்னதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆராய்ச்சியாளர் பரபரவென்று எழுதிக்கொண்டார். ராஜா என்ன போட்டிருந்தார் என்று கேட்டார். "வெல்வெட்டுக் கோட்டு, கால்ல பூட்ஸ், கையில கடியாரம். மணி பாத்துத்தான் சபையைக் கலைப்பாரு" என்றார் சுப்பையா. ஆராய்ச்சியாளர் பேனாவை மூடினார். பிறகு அண்ணாச்சியிடம் சொன்னார்: "அப்படின்னா கடிகாரம் கட்டாயம் வேணும் சார். ஆனா சாவி கொடுக்கிறதா இருக்கணும்."

பொன்னாடை

முதல் மேடை பாளையங்கோட்டையில். மாலை ஆறு மணிக்கு நாடகம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நாடகத்துக்கு முன்னால் பாராட்டு என்பதை மட்டும் போடவில்லை. சிறப்பு விருந்தினராக வந்தவர் ஊரில் பெரிய மனிதர். நடிகர்கள் எல்லாரையும் வேஷத்தோடு வரிசையாக நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார். வெல்வெட்டுக்கு மேல் பொன்னாடை, அதற்கு மேல் மாலை. அண்ணாச்சி கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு நின்றார். அப்புறம் பெரிய மனிதர் பேச ஆரம்பித்தார். அழிந்துகொண்டிருக்கும் கலைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அந்த அரை மணியில் ஒரு கலை அழிந்திருக்கும்.

நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று ரேவதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஆறாவது மாசம். முதலில் அவள் உதடு வெளுத்தது. அப்புறம் ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். நான் ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு நேராக மேடைக்குப் போனேன். முந்நூறு பேர் பார்க்க, ராணியின் சேலை ஓரம் பிரிந்திருப்பதாகக் காட்டி, அவளை அழைத்துப்போய்ச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தேன். கீழே உட்கார்ந்து தைத்தேன். தைத்ததைப் பிரித்தேன். மறுபடி தைத்தேன். ரேவதிக்கு முகம் தெளிகிற வரைக்கும் ஒரே இடத்தில் ஏழு தடவை ஊசி ஏறி இறங்கியிருக்கும். அண்ணாச்சி மாலைக்குள்ளிருந்து குனிந்து என் காதில் சொன்னார்: "என்னம்மா நீ, நான் இன்னும் ஒரு தடவைகூட அதுல உக்காரல."

ஸ்ரீவைகுண்டம்

அடுத்த மேடை ஐந்து வாரம் கழித்து ஸ்ரீவைகுண்டத்தில். அதற்குள் நான் விட்டிருந்த நாலு இஞ்சில் மூன்றரை போயிருந்தது. ராஜாவுக்கும் ஒன்றரை இஞ்சு கூடியிருந்தது. அவர் வெல்வெட் சுருங்கிவிட்டது என்றார், நானும் ஆமாம் என்றேன். ரேவதி இதுதான் கடைசி, இதற்குப் பிறகு தானே சொல்லிவிடுவேன் என்றாள். அன்றைக்கு அவள் ரவிக்கை நாடாவை நாலு தடவை அவிழ்த்துக் கட்டிப் பார்த்தேன். அவளுக்கு ஏதாவது ஒன்று ஆனால், துணி விட்டு மறைத்துக் கொடுத்தவள் நான்தானே.

சபைக் காட்சி வந்தது. வயல் வேலை முடித்து வந்து உட்கார்ந்திருந்த ஜனம். பேச்சுச் சத்தம் அடங்கிப் பாட்டு மட்டும் கேட்டது. 'நான் செய்த பிழை என்ன' என்று மேலே போய் நிற்கிற இடத்தில் ரேவதி சட்டென்று நிறுத்தினாள். கை வயிற்றுக்குப் போயிற்று. நான் பக்கத் திரையை விலக்கி ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன். சுப்பையா அந்த ஒரு சுரத்தை ஆர்மோனியத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி அவள் கையைப் பார்த்தார். மூன்று பெண்களைப் பெற்றவர். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. நோட்டில் அந்த இடத்தில் மன்னன் அசையக் கூடாது. அவர் எழுந்து இறங்கி வந்து ரேவதியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "வலிக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டது மைக்கில் ஊருக்கே கேட்டது. அவள் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினாள். குழந்தை உதைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதுவரை அப்படி உதைத்ததே இல்லையாம். விட்ட இடத்திலிருந்து அவள் பாட்டை எடுத்தாள். முன் வரிசையில் இரண்டு பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அண்ணாச்சி நிஜமாகவே அழுதார், கடைசிக் காட்சிக்கு வைத்திருந்த கண்ணீர் முழுவதும் அங்கேயே தீர்ந்துபோயிற்று.

நாடகம் முடிந்து நான் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் கிடந்த பெட்டியில் பைய உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீய அண்ணாச்சி?"

அங்கிப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். மனுஷன் பொய் சொல்லுவார் என்றுதான் காத்திருந்தேன்.

"தம்பி மகளப் போட்டிருப்பேன்" என்றார்.

ரேவதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் திரும்ப வரும்வரை நாடகம் கிடையாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டதில் தம்பி வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதாகக் கேள்வி. இப்போது ராணி உடையைப் பிடித்துத் தைக்கவும் ராஜா உடையைப் பிரித்துவிடவும் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கலைக்கு உயிர் கொடுப்பது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், ஒரு பக்கம் பிடிப்பதும் மறுபக்கம் பிரிப்பதும்தான் என்பேன், ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் யாரும் என்னைக் கேட்பதில்லை.