ஸ்னீக்கி என்று யாரைச் சொல்வார்கள்

ஒயர் ஹார்னஸ் லைனில் வேலை என்றால், காருக்குள் போகிற ஒயர்களைக் கலர் பார்த்து எடுத்து கனெக்டரில் சொருகுவது, ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே. பிளஸ் டூவோடு நின்றவனுக்கு ஒரகடத்தில் இதுதான் கிடைக்கும். நீங்களும் நின்று நின்று கால் வீங்கினவர் என்றால் மேலே விளக்க வேண்டாம். உங்கள் கம்பெனியிலும் திட்டுவதற்கென்றே ஒரு இங்கிலீஷ் வார்த்தை வைத்திருப்பார்கள். எங்களுக்கு அது ‘ஸ்னீக்கி’.

முறுக்கு

சேர்ந்த புதிதில் பசி தாங்காமல் மாஸ்க்குக்குள் ஒரு துண்டு முறுக்கைத் தள்ளிவிட்டு வேலை பார்த்தேன். சூப்பர்வைசர் தினகரன் சார் எதிரே வந்து நின்று, ஸ்னீக்கி என்றார். அர்த்தம் தெரியாது, கேட்டேன். போனில் பிறகு தேடினபோது ‘பதுங்கிச் செய்வது, கள்ளத்தனம்’ என்று போட்டிருந்தது. சார் சொன்னது அதைவிடத் தெளிவு.

“வாயில மென்னுகினே ஒண்ணுந் தெரியாத மாதிரி என் மூஞ்சியப் பாக்குற பாரு, அதாண்டா.”

மேடம் வீட்டுப் பையன்

லேட்டாக வந்ததற்குக் கையெழுத்துப் போட எச்.ஆர். மேடம் ரூமில் நின்றிருந்தேன். மேடம் போனில் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். பிரிட்ஜில் இருந்த சாக்லேட்டைத் தின்றுவிட்டு, காலிப் பேப்பரைப் பழையபடி மடித்து வைத்திருக்கிறான் பையன். நான் செய்ததைவிடப் பெரிய வேலை. திட்டு விழும் என்று பார்த்தால் மேடம் சிரிக்கிறார். அதே வார்த்தைதான், ஆனால் கொஞ்சுவதற்கு.

“ஸோ ஸ்னீக்கி நீ, என் தங்கம்.”

இசக்கியண்ணன் ரேக்

என் பக்கத்தில் நிற்பவர் இசக்கியண்ணன், தென்காசிப் பக்கம். வல்லம் வடகாலில் ஒரு ரூமில் ஆறு பேரோடு தங்கியிருந்தார். கை அப்படி ஓடும். ஒருநாள் நான் தெரியாமல் சிவப்பு ஒயர் டப்பாவில் பச்சையைப் போட்டுவிட்டேன். அவர் பச்சையை எடுத்துச் சிவப்பு இடத்தில் சொருகிக்கொண்டே போனார். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். சேரும்போது வைத்த கலர் டெஸ்ட்டை, முன்னாடி போய்வந்தவனிடம் கேட்டு மனப்பாடம் செய்து பாஸ் ஆகியிருக்கிறார். ரேக்கில் எந்த டப்பா எங்கே என்பதுதான் அவருக்குக் கலர்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் காரில் போகிறவன் என்ன பாவம் செய்தான்? அதனால் அன்றிலிருந்து அவர் சொருகினதை எல்லாம் நானும் ஒரு தடவை பார்த்துத்தான் அனுப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

“வாயத் தொறந்துராதடே. இந்தச் சோலியும் போச்சுன்னா ஊர்ல போயி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?”

ரேக் மாறின நாள்

வெளியாட்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை யாரோ ரேக்கை அழகாக மாற்றி அடுக்கிவிட்டார்கள். ஒருத்தருக்கும் சொல்லவில்லை. திங்கட்கிழமை என்னைப் பேக்கிங்குக்குத் தள்ளிவிட்டார்கள். இசக்கியண்ணன் கை பழைய இடத்துக்கே போனது. டெஸ்டிங்கில் அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் மெஷின் கத்தியது.

மேடம் கூப்பிட்டு விசாரித்தார். அண்ணன் மறைக்கவில்லை, கண்ணைப் பற்றி அவரே சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போங்க, நாளைக்கு வாங்க, வேறு டிபார்ட்மென்ட் பார்க்கலாம் என்று சிரித்த முகமாகத்தான் மேடம் அனுப்பினாராம். அண்ணனும் நம்பினார். அவருக்கு உறுத்தினது மேடம் முதலில் சொன்னது மட்டும்தான்.

“இத்தனை நாள் எங்களை ஏமாத்திட்டு நின்னிருக்கீங்க. வெரி ஸ்னீக்கி, இசக்கி.”

கேட்

மறுநாள் காலை. கார்டைக் காட்டினால் பச்சை லைட் எரியும், கம்பி சுற்றும், உள்ளே போகலாம். வேலையை விட்டு எடுத்துவிட்டால் சிவப்பு எரியும், கம்பி நகராது. வேறு யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

அண்ணன் எனக்கு நாலு பேர் முன்னால். ஷேவ் பண்ணி, துவைத்த யூனிஃபார்மில் வந்திருந்தார். கார்டைக் காட்டினார். லைட் எரிந்தது. தினமும் எரிகிற மாதிரிதானே அவருக்கு. வயிற்றால் கம்பியைத் தள்ளினார். மறுபடி கார்டைக் காட்டி மறுபடி தள்ளினார். பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கின கூட்டம் முனகியது. எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. செக்யூரிட்டிதான் எழுந்து வந்தார்.

“ஏம்பா, லைட்டு செவப்பா எரிஞ்சிகினு கீது, கண்ணு தெரில உனக்கு?”

சிரித்து அனுப்பிவிட்டுச் சத்தமில்லாமல் கார்டை முடக்குவதற்கும் அந்த வார்த்தைதானே என்று தினகரன் சாரிடம் கேட்டேன். இல்லையாம், அதற்குப் பெயர் ப்ரொசீஜராம்.