சுவிஸ் கலியாணத்துக்கு அடித்த எண்ணெய்

லண்டனில் பெற்றோல் தட்டுப்பாடாயிருந்த அந்த இரண்டு கிழமைக்குள்தான் எனக்கு இவ்வளவு சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்பது தெரியவந்தது. இல்ஃபோர்டில் ஒரு பெற்றோல் செட்டுக்கு நான் மனேஜர். நாட்டில் எண்ணெய் இருந்தது, அதைச் செட்டுகளுக்குக் கொண்டுவரும் பவுசர்களை ஓட்டத்தான் ஆள் காணாது. செய்தியில் அதைச் சொன்னதுதான் தாமதம், அரைத் தாங்கி வைத்திருந்தவனும் ஓடிவந்து வரிசையில் நின்றான். வருஷக்கணக்காய்க் கதைக்காதவர்கள் எல்லாம் காலையிலேயே போன் எடுத்து என் சுகம் விசாரித்தார்கள். சுகம் விசாரித்த கையோடு பவுசர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்கள்.

போன் எடுக்காத ஆள் ஒருவர்தான், என் அக்காவின் புருஷன். அத்தான் என்று எழுத எனக்கு மனமில்லை, ஆனால் முறை அதுதான், வேறு சொல்லும் இல்லை. வெம்பிளியில் இருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன் எங்கள் புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்த மனுஷன், சபை நிறையச் சனம் இருக்க, மூக்கைச் சுளித்துக்கொண்டு, பெற்றோல் செட்டில் நின்று வாங்கின வீடென்றால் மணக்கத்தானே செய்யும் என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவரும் என்னைப்போல ஒரு செட்டில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர்தான். பிறகு ஒஃபிஸ் வேலை கிடைத்துக் கழுத்துப்பட்டி கட்டியதும் அதெல்லாம் மறந்துபோயிற்று. அதற்குப் பிறகு நான் அவருடைய வாசல்படியை மிதிக்கவில்லை.

அம்மா அக்காவோடு இருந்தா. நான் அந்த வீட்டுக்குப் போவதில்லை என்பதால் வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே முருகன் கோயிலில்தான் அவவைச் சந்திப்பேன். அக்கா கொண்டுவந்து இறக்கிவிட்டு, நான் வெளிக்கிடும் வரை காருக்குள்ளேயே இருப்பா. பூசை முடிய அம்மா ஒரு கதிரையைப் பிடித்து இருந்துகொண்டு வீட்டுக் கதை எல்லாம் சொல்லுவா. அந்த வருஷம் முழுக்க ஒரே கதைதான். அக்காவின் மகளுக்குக் கலியாணம், மாப்பிள்ளை சுவிஸ், பேர்ணில் மண்டபம். அக்காவும் அத்தானும் ஷிப்ட் மாறி மாறி வேலைக்கு ஓடிய காலத்தில் அம்மாதான் அந்தப் பிள்ளையைக் குளிக்க வார்த்து, தீத்தி, நித்திரையாக்கி வளர்த்தவ. அதின் கழுத்தில் தாலி ஏறுவதை நேரில் பார்த்துவிட்டால் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று ஒவ்வொரு வெள்ளியும் சொல்லுவா.

அவவின் நுரையீரலுக்கு விமானம் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார். ரயில் மாறி ஏற முழங்கால் விடாது. போவதென்றால் வாசலில் ஏறி வாசலில் இறங்கவேண்டும், அதாவது றோட்டால்தான் போகலாம். அத்தானுக்குத் திட்டம் போடுவதென்றால் சாப்பாடும் தேவையில்லை. ஒன்பது பேர் இருக்கக்கூடிய வான் இரண்டை வாடகைக்குப் பேசினார். பதினெட்டுப் பேருக்கும் இலக்கம் போட்டார். எங்கே எத்தனை மணிக்கு நிற்பது, பலகார ரின் யாருடைய காலடியில், கூறை யாருடைய மடியில் என்று எல்லாம் எழுதினார். நெய்யில் செய்ததை எல்லையில் மறிப்பார்கள், ஆகவே எண்ணெய்ப் பலகாரம் மட்டும்தான் என்று பெண்களுக்கு உத்தரவும் போட்டார். அந்தப் பட்டியலைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். அம்மா தன்னுடையதைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினா. முதலாம் வான், மூன்றாம் இலக்கம், ஜன்னல் பக்கம். ஏதோ பெரிய பரீட்சை பாஸ் பண்ணினது மாதிரி அவவுக்கு அதில் ஒரு புளுகம்.

எனக்கு யாரும் கலியாணம் சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் கலியாணம் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. புருஷனும் பெண்சாதியுமாய் வீட்டுக்கு வந்து, தட்டில் சந்தனம் குங்குமத்தோடு கலியாணக் காட்டை நீட்டி, வாங்கோ என்று வாயால் சொல்லவேண்டும். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகவேண்டும். தூரத்து ஆளுக்குப் போன் போதும். நான் பொம்பிளையின் தாய்மாமன், எனக்குத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும். வந்து சொல்லட்டும், வராவிட்டால் போகட்டும் என்று இருந்தேன். பொய் ஏன், ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் கார்ச் சத்தம் கேட்டால் எழும்பி யன்னலால் பார்த்தேன்.

இப்படியிருக்கும்போதுதான் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து அத்தானின் பட்டியலுக்கு மேல் ஏறிக் குந்தியது. வாடகை வான்கள் வெறும் தாங்கியோடுதான் வந்தன, கொம்பனிக்காரனுக்கே டீசல் இல்லை. கடலைத் தாண்டினால் பிரான்சில் ஒரு குறையும் கிடையாது, வேண்டியமட்டும் அடிக்கலாம். ஆனால் வெம்பிளியிலிருந்து டோவர் துறைமுகம் வரை போகவேண்டுமே. இரண்டு நாட்டைக் கடந்து போக வெளிக்கிட்டவர் வீட்டு வாசலிலேயே மாட்டுப்பட்டு நின்றார். அம்மா போனில் இதைச் சொன்னபோது நான் வெளியில் இச்சுக் கொட்டினேன். உள்ளுக்குள் எனக்கு நல்ல சந்தோஷம்.

எங்கள் முதலாளி ஒரு வாகனத்துக்குப் பத்து லீற்றர்தான் என்று கட்டுப்பாடு வைத்திருந்தார். அதைப் பலகையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தோம். முதலில் உள்ளே வந்து சொல்லவேண்டும், நான் பம்பைத் திறந்துவிடுவேன், பத்தில் அது தானாய் நிற்கும். அத்தான் ஒரு புதன்கிழமை காலை அந்த வரிசையில் வந்து நின்றார். வெம்பிளியிலிருந்து இல்ஃபோர்டுக்கு, இருந்த கொஞ்ச டீசலையும் எரித்துக்கொண்டு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருப்பார். கமெராவில் அவருடைய வான் அங்குலம் அங்குலமாய் நகர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உள்ளே வந்தவர் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஓட்டையால் கலியாணக் காட்டைத் தள்ளினார்.

"தம்பி, இந்தாரும். குடும்பத்தோட கட்டாயம் வாரும். இந்த நிலைமையில வீட்டை வந்து சொல்ல ஏலாது, தெரியும்தானே. மூண்டாம் பம்பை நிறையத் திறந்துவிடும். மற்ற வானுக்கு அடிக்க வெறும் கான் ரெண்டும் கொண்டந்தனான்."

எல்லாம் ஒரே மூச்சில். அழைப்பும் டீசலும் ஒரே ஓட்டையால் வந்தன. அவருக்குப் பின்னால் ஒரு பெண் கையில் பாலோடு நின்று நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உச்சியில் ஏறியது. காட்டைத் தொட்ட விரலாலேயே திருப்பித் தள்ளினேன்.

"கலியாணம் வீட்டை வந்து சொல்லுறது அத்தான். இது கடை. எண்ணெய் பத்து லீற்றர். கானுக்கு அடிக்கேலாது."

சொல்லிவிட்டு, அவர் வாசிக்கத் தெரியாதவர் மாதிரி, கையை நீட்டிப் பலகையைக் காட்டினேன். அவர் காட்டை எடுத்துச் சொக்லேட் அடுக்கின் மேல் விசுக்கி எறிந்தார். அதுவரை மரியாதையாய் இருந்த பேச்சு நீயாய் மாறியது. இந்த நாத்தம் உன்னை விட்டுப் போகாது என்றார். பத்து லீற்றரை அடித்துக்கொண்டு போனார்.

இதில் ஒன்றை மறைக்கக்கூடாது. அன்று விடியப்புறம் ஆஸ்பத்திரி ஷிப்டுக்குப் போகும் ஒரு நேர்சுக்கு நான் தாங்கி நிறையத் திறந்துவிட்டேன். அது நியாயம். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு கூட்டாளிக்கும் நிறையத் திறந்துவிட்டேன், அதற்கு ஒரு நியாயமும் இல்லை. பத்து லீற்றர் என்ற சட்டம் அன்றைக்கு அத்தானுக்காக மட்டும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பின்னேரம் வீட்டுக்குப் போய் மனைவிக்கு நடந்ததை நடித்தே காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. சோறு போட்டுத் தரட்டோ என்று மட்டும் கேட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பவுசர் வந்ததால் கோயிலுக்குப் போகமுடியவில்லை. அம்மாவுக்குப் போன் எடுத்தேன், எடுக்கவில்லை. சனிக்கிழமையும் எடுக்கவில்லை. வீட்டில் போனைப் பறித்து வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஞாயிறு மனைவி தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். குடும்பக் குழுவில் அத்தான் புதுப் பட்டியல் போட்டிருந்தார். இரண்டாவது வானைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, ஒரு வான்தான், ஒன்பது பேர். அக்காவையும் பொம்பிளையையும் தவிர எல்லாரும் அவருடைய பக்கத்துச் சனம். மூன்றாம் இலக்கத்தில் அவருடைய தங்கச்சியின் பெயர் இருந்தது. அம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுத வெட்கமாயிருக்கிறது. அவருடைய பரம்பரை முழுவதையும் இழுத்துத் திட்டினேன். பெற்றோல் தரவில்லை என்று ஒரு வயதுபோன மனுஷியிடமா பழி தீர்ப்பது என்று கத்தினேன். அக்காவுக்குப் போன் எடுத்தேன். நீ இனி இதுக்குள்ள கதையாதை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா. புருஷனுக்குப் பயந்து பேசுகிறா என்று அவவையும் சேர்த்துத் திட்டினேன்.

பிறகு நானும் திட்டம் போடத் தொடங்கினேன். அத்தானுக்கு மட்டும்தானா போடத் தெரியும்? என்னுடைய காரில், நானும் அம்மாவும் மட்டும். கப்பல் ரிக்கெட் போட்டேன். அம்மா நீர் போகத் தண்ணிக் குளிசை போடுகிறவ, ஆகவே ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நிற்கவேண்டும் என்று பிரான்சுக்குள் நிற்கும் இடங்களைக் குறித்தேன். முழங்காலுக்கு வைக்க இரண்டு தலையணை, மூச்சுக்கு இழுக்கும் பம்ப் இரண்டு, தடுப்பூசிக் கடதாசி, சுவிஸ் பெருந்தெருவில் ஓட வரி கட்டி ஒட்டும் ஸ்ரிக்கர். அவர்கள் பாரிசில் ஒரு நாள் தங்கிப் பூமாலை எடுத்துக்கொண்டு போவதாகப் பட்டியலில் இருந்தது. நான் நேரே போனால் அவர்களுக்கு முன்னால் பேர்ணில் இறங்கலாம். மண்டப வாசலில் அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், அவர் வானை விட்டு இறங்கும்போது அந்த மூஞ்சையைப் பார்க்கவேண்டும். அம்மா கலியாணம் பார்ப்பதா, அவருடைய மூஞ்சையை நான் பார்ப்பதா பெரிது என்று அந்த நாட்களில் யாரும் கேட்டிருந்தால், உடனே பதில் சொல்லியிருக்கமாட்டேன்.

அவர்களுடைய வான் வியாழக்கிழமை விடிய வெளிக்கிட்டது. அன்று காலை நான் ஒரு பம்பை மறித்துக் கூம்பு வைத்துவிட்டு, என் காருக்குத் தாங்கி தளும்ப அடித்தேன். வரிசையில் நின்றவர்கள் ஹோன் அடித்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. பத்து மணிக்கு வெம்பிளியில், நாலு வருஷமாய் மிதிக்காத வாசலில் நின்று மணியை அடித்தேன்.

கதவைத் திறந்த அம்மா வீட்டுச் சட்டையோடு நின்றா. வா என்று சொல்லவில்லை, விலகி மட்டும் நின்றா. நான் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். கப்பல் பின்னேரம், சாமான் எல்லாம் காருக்குள், ஒரு சீலையையும் மருந்தையும் எடுத்தால் போதும், அந்த மனுஷன் உங்களை வெட்டினால் நான் விட்டுவிடுவேனா என்று சொல்லிக்கொண்டே போனேன். அவ என்னை முடிக்க விட்டா.

"அவர் வெட்டேல்லை. நான்தான் என்ர பேரை வெட்டச் சொன்னனான்."

ஏன் என்று கேட்டேன்.

"அண்டைக்கு நானும் உன்ர கொக்காவும் அந்த வானுக்குள்ள இருந்தனாங்கள். உன்னைப் பாக்கவேணும் எண்டு நான்தான் ஆய்க்கினைப்படுத்தி ஏறினனான். கண்ணாடிக்குள்ளால நீ கையை நீட்டிப் பலகையைக் காட்டினதையும் பாத்தனான், அவர் காட்டை எறிஞ்சதையும் பாத்தனான். கொக்கா அழுதவள். நான் அழேல்லை."

என் வாயில் வந்தது தாங்கி நிறைய அடித்திருக்கிறேன் அம்மா என்பதுதான்.

"நீங்கள் ரெண்டு பேரும் அந்தப் பிள்ளையின்ர கலியாணத்தையே நினைச்சனீங்கள்? உங்கட வீம்பை மடியில வைச்சுக்கொண்டு அவ்வளவு தூரம் இருக்க எனக்கு ஏலாது, மோனை. அவற்ற வானிலயும் ஏலாது, உன்ர காரிலயும் ஏலாது. அடிச்ச எண்ணெயில வேலைக்கு ஓடு."

தேத்தண்ணி குடிக்கிறியோ என்று கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அம்மா அதைக் கேட்காமல் விட்டது அன்றைக்குத்தான். எங்கள் வீட்டில் வந்து நில்லுங்கள் என்றேன், பக்கத்து வீட்டு குஜராத்தி மனுஷி வந்து பார்ப்பா, நீ போ என்றா. நான் வெளியே வர, கதவுச் சங்கிலி போடும் சத்தம் கேட்டது. சனிக்கிழமை மருமகளுக்குத் தாலி ஏறியது. அம்மா அதைப் போனில் பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து செட்டுக்கு ஏழு நிமிட ஓட்டம். அந்தத் தாங்கி முடிய ஐந்து கிழமை எடுத்தது.