வழிவிட்ட கை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டுவிட்டேன். முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் பேனாவை எடுப்பேன். அந்தக் கை கண்முன் வந்து நிற்கும். எழுந்துவிடுவேன். நசுங்கிக் கிடந்த சின்ன விமானத்தின் ஜன்னலுக்கு வெளியே தொங்கிய என் முதலாளியின் இடது கை அது. முழங்கைக்குக் கீழே எலும்பு சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. விரல்களில் மட்டும் ஒரு கீறலும் இல்லை. உள்ளங்கை மேலே பார்த்தபடி லேசாக விரிந்திருந்தது. காரில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டி எதிரே வருகிறவர்களைப் "போங்க" என்பாரே, அப்படியே.

நல்லூரில் அவருக்கு பனியன் கம்பெனி. நான் டிரைவர், எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். என்னையும் அவர் "ங்க" போட்டுத்தான் பேசுவார். சந்துக்குள் எதிரே துணி ஏற்றிய டெம்போ வந்தால் என்னைப் பின்னால் எடுக்கச் சொல்லிவிட்டு, "போங்க சாமி, போங்க" என்று கையை நீட்டிவிடுவார். கிருத்திகைக்குக் கோயில் வரிசையில் நின்றால் பின்னால் வருகிறவர்களையெல்லாம் முன்னே விட்டுக்கொண்டே இருப்பார். "இப்படியே விட்டுட்டிருந்தா நடையச் சாத்திருவாங்கங்க" என்று ஒருதரம் சொன்னேன். "முருகன் எங்கீங்க போயிறப் போறாரு?" என்று சிரித்தார்.

விமானம் ஓட்டப் படித்து, இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். குண்டடத்துக்கு அப்பால் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு பழைய ஓடுபாதை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கேதான் போவோம். பெரிய ஏர்போர்ட்டில் இருப்பதுபோல, இறங்கு, நில் என்று சொல்ல அங்கே கோபுரமும் கிடையாது, ஆளும் கிடையாது. வருகிறவர்கள் வயர்லெஸ்ஸில் இன்ன இடத்தில் இருக்கிறேன், இன்ன பக்கமிருந்து இறங்குகிறேன் என்று சொல்லி, அவர்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ள வேண்டியதுதான். அவர் இறங்கும்போது நான் விமானக் கொட்டகைக் கதவைத் திறந்து வைக்க, அந்த வயர்லெஸ் பேச்சைக் கேட்க மட்டும் ஆகும் ஒரு பெட்டியைக் காரில் வைத்திருந்தார்.

விமானம் ஓட்டப் படிக்கும் பிள்ளைகளும் அங்கே வருவார்கள். அதில் ஒரு பெண், வேலம்பாளையத்தில் கட்டிங் மாஸ்டராக இருப்பவரின் மகள். தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பம். பார்த்தால் விடாது. "அண்ணாச்சி, காப்பி குடிச்சாச்சா? மொதலாளி இன்னிக்காவது மொதல்ல குடிச்சாரா?" என்று கேலி பேசும்.

மார்கழிக் காலை. கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை அசையாமல் தொங்கியது. காற்று இல்லாவிட்டால் எந்தப் பக்கமிருந்தும் இறங்கலாம். முதலாளி மேற்கேயிருந்து வந்தார், அந்தப் பெண் தனியாகக் கிழக்கேயிருந்து வந்தது. பெட்டியில் இரண்டு குரலும் தெளிவாகக் கேட்டன.

"நீ இறங்கு கண்ணு. நான் ஒரு சுத்துச் சுத்தீட்டு வர்றேன்."

"இல்ல சார், நீங்க எறங்குங்க. நான் சுத்திட்டு வாரேன்."

அதற்குமேல் பேச்சில்லை. தன் சொல்லை மற்றவர் ஏற்றுக்கொண்டதாக இருவருமே நினைத்துவிட்டார்கள். இரண்டு விமானமும் மேலே ஏறி, இரண்டு பக்கமாகத் தென்னந்தோப்புகளைச் சுற்றப் போயின. கல்யாண வீட்டுப் பந்தியில் மாற்றி மாற்றி உபசரிப்பதுபோல இருக்கிறதே என்று நான் சிரித்துக்கொண்டேன்.

சுற்றி முடித்தபோது, மற்றவர் இந்நேரம் இறங்கி ஓரமாகப் போயிருப்பார் என்று இருவரும் திரும்பினார்கள். பெட்டியில் காதைக் கிழிக்கும் ஓர் இரைச்சல். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சும் மற்றவருக்குப் போய்ச் சேராது, அந்தக் கீச்சல்தான் கேட்கும் என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டும் ஓடுபாதையின் இரண்டு முனையிலும் தரையைத் தொட்டுவிட்டன. முதலாளிக்கு நேர் எதிரே சூரியன். தோள் துண்டை வீசிக்கொண்டு ஓடினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. அந்தப் பெண் கடைசி நொடியில் பார்த்துவிட்டது போலிருக்கிறது, அதன் விமானம் மூக்கைத் தூக்கி முதலாளியின் விமானத்தின் மேலேயே ஏறியது. சுழலும் விசிறி தகரத்தையும் கண்ணாடியையும் மனித உடம்பையும் ஒன்றாக அறுத்தது. கிழிந்த இறக்கை ஒன்று என் தலைக்கு மேலே பறந்து சோளக்காட்டில் விழுந்தது. அந்தப் பெண்ணின் விமானம் அப்பால் போய் விழுந்து தீப்பிடித்தது. அந்தப் பெண் உள்ளே அலறியது எனக்குக் கேட்டது. நெருங்க முடியவில்லை. என் துண்டு பற்றி, தோள் வெந்தது. அலறல் நின்றபிறகும் தீ நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண்ணின் அப்பா உறவுக்காரர்களோடு வந்தார். காரின் கண்ணாடியைக் கல்லால் அடித்து நொறுக்கினார்கள். என்னை வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். "ஏல, ஒங்க மொதலாளிக்கு ஒரு நிமிசம் பொறுக்க முடியாதா? பணத்திமிரா?" என்று இரும்புக் கம்பியால் தாடையில் அடித்தார் அவர். வாயில் ரத்தமும் பல்லுமாக இருந்தது. பதில் சொல்ல முடியவில்லை. தாடை கூடியபிறகும் நான் சொல்லவில்லை. திமிர் பிடித்த பணக்காரன் முந்தப் பார்த்து ஒரு பெண்ணைக் கொன்றான் என்று ஊரே பேசியது. முதலாளியின் சம்சாரம் வெளியே தலைகாட்ட முடியாமல் இருந்தார்கள். பெட்டியில் அந்தப் பேச்சைக் கேட்டவன், உண்மை தெரிந்தவன், நான் ஒருவன்தான். ஆனால் மகளைப் பறிகொடுத்தவர் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறார், அதையும் பிடுங்கிவிட்டால் மனுஷன் விழுந்துவிடுவாரே என்று பயந்தேன். தப்பு யாருடையதும் இல்லை என்று ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்வது?

போன மாசம் முதலாளியம்மாவும் காலமானார்கள், அந்தக் கெட்ட பேரோடேயே. காரியம் முடிந்த மறுநாள், முருகன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு வேலம்பாளையம் போனேன். அந்தப் பெண்ணின் அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். பெட்டியில் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினார். கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். நான் தடுக்கவில்லை. கை ஓய்ந்ததும் என் சட்டையைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொருக்க சொல்லு. எம் புள்ள சொன்ன மாதிரியே சொல்லு."

"இல்ல சார், நீங்க எறங்குங்க. நான் சுத்திட்டு வாரேன்."

"அவ தம்பி சாப்பிடாம அவ சாப்பிட மாட்டா" என்றார். திரும்பச் சொல்லச் சொன்னார். இருட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருதரம் "சார்" என்பதை விட்டுவிட்டேன். "முழுசா சொல்லுல" என்று என் கையை முறுக்கினார்.

நேற்று நல்லூர்ச் சந்தில் எதிரே வந்த ஆட்டோக்காரர் வண்டியை ஒதுக்கி, கையை வெளியே நீட்டி "போங்க" என்றார். இப்போதெல்லாம் யார் வழிவிட்டாலும் நான் பதிலுக்கு உபசாரம் பேசுவதில்லை. "நான் போறனுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன். படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவர்கள் இருவரும் பேசியது இரண்டே வரிதான். அதில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல், விடாமல் சொல்லுங்கள். அந்தத் தகப்பன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.