பாட்டு முடிந்த பிறகு பதினோரு விநாடி

போன வாரம் குளிர் திடீரென்று கூடிவிட்டதால், பரணில் இருந்த பெட்டியை இறக்கி, பஞ்சு வைத்துத் தைத்த ரஜாயை வெளியே எடுத்தேன். பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. பலருக்கு அந்த வாசனை பீரோவையோ பட்டுப்புடவையையோ நினைவுபடுத்தும். எனக்கு ஒரு மைக்தான் ஞாபகம் வரும். ரஜாயைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். தனியாக இருக்கிற வீட்டில் இது ஒரு வசதி. ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஜெசிந்தாவின் வீடு ஜீவனஹள்ளியில், ரயில் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. பாட்டு ரெக்கார்டு செய்யவேண்டும் என்றதும் அவள் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து மூன்று கனத்த ரஜாய்களை எடுத்துக் கொடுத்தார். உள் அறையில் கொடி கட்டி, மைக்கைச் சுற்றிக் கூடாரம் மாதிரி அவற்றைத் தொங்கவிட்டோம். வெளிச் சத்தம் குறையும், சுவர் எதிரொலிக்காது. பாச்சை உருண்டையை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. முதல் நாள் ஜெசிந்தா அரைமணி நேரம் தும்மினாள். தும்மல்களுக்கும் சேர்த்து நான் டேக் எண், அதாவது எத்தனையாவது பதிவு என்ற எண், போட்டிருந்ததைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் இன்னும் இரண்டு டேக் போயிற்று.

அவளுடைய சித்தப்பா மகன் ஆன்டோ கூடாரத்துக்கு வெளியே கட்டிலில் உட்கார்ந்து கிதார் வாசிப்பான். எந்த ரயில் எப்போது போகும் என்பது அவனுக்கு மனப்பாடம். "மூணு இருபது போயிரட்டும்" என்பான். போகும். சரக்கு ரயில்களுக்கு மட்டும் நேரம் காலம் கிடையாது. நல்லதாக வந்த டேக்குகளில் பாதியை அவைதான் தின்றன.

நான் அப்போது போன்களின் ஒலியைச் சோதிக்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அரக்கோணத்திலிருந்து வந்து கோரமங்களாப் பக்கம் ஒரு பிஜி விடுதியில் இருந்தேன். ஆபீஸ் தோழி ஒருத்தியின் கல்யாணத்தில் பாட வந்தவள்தான் ஜெசிந்தா. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். பாதிப் பாட்டில் மைக் கீச்சிட்டது. நான் எழுந்துபோய் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தேன். அடுத்த பாட்டில் மறுபடி கீச்சிட்டபோது மேடையிலிருந்தே, "சவுண்டு, கொஞ்சம் இங்க வாம்மா" என்று கூப்பிட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. அவள் அம்மாவுக்கும் நான் சவுண்டுதான், எனக்கு அவர் ஆன்ட்டி.

சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. வாரம் ஐந்து நாள் ஹெட்போனுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற குரல்களைக் கேட்டு மதிப்பெண் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பேன். சனிக்கிழமை இரண்டு மணிக்கு மட்டும் ஒரு வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளர் இருந்தது. நான் தாமதமானால் ஃபோன் வந்தது.

ஒரே ஒரு பாட்டு, மூன்றரை நிமிடம். வராத பஸ்ஸுக்காக மழையில் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றி ஜெசிந்தாவே எழுதி மெட்டமைத்தது. அதற்கு நான்கு மாதம் ஆயிற்று. பாதிப் பழி ரயிலுக்கு, மீதி எனக்கு. குரலையும் கிதாரையும் கலந்து முடித்தபின் மிச்சமிருந்தது மாஸ்டரிங். தைத்து முடித்த சட்டைக்கு இஸ்திரி போடுவது போன்ற வேலை. எந்த ஸ்பீக்கரில் கேட்டாலும் பாட்டு ஒழுங்காக ஒலிக்கும்படி, வெளியே அனுப்புமுன் கடைசியாகச் செய்வது. தையல் கோணலாக இருந்தால் இஸ்திரி காப்பாற்றாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மூன்று வழி உண்டு. நாமே செய்யலாம், இணையத்தில் ஏற்றினால் இயந்திரம் செய்து கொடுக்கும், அல்லது அதையே தொழிலாகச் செய்கிறவரிடம் போகலாம். மூன்றையும் செய்து ஒப்பிட்டுத்தான் வெளியிடவேண்டும் என்று அறிவித்தேன். குரலின் தெளிவு, சின்ன ஸ்பீக்கரில் அடிநாதம் கேட்கிறதா, மூன்று முறை கேட்டால் காது வலிக்கிறதா என்று ஒரு பட்டியலும் தயாராக இருந்தது.

"ஒரு பொண்ணுக்கு மூணு மாப்பிள்ள பாக்குறா" என்றான் ஆன்டோ.

உண்மைக் காரணம் பட்டியலில் இல்லை. பாட்டு முடிந்துவிட்டால் சனிக்கிழமை முடிந்துவிடும். அடுத்து செய்யவேண்டிய ஐந்து பாட்டுகளை வரிசை போட்டு வைத்திருந்தேன். ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜெசிந்தா பேச்சை மாற்றினாள்.

நானே செய்ததற்கு மூன்று வாரம் பிடித்தது. குரலைத் தூக்கினால் கிதார் மங்கியது, கிதாரைச் சரிசெய்தால் குரல் குத்தியது. ஜெசிந்தா வரிகளுக்கு நடுவே இழுத்த மூச்சையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டினேன். பதினான்காவது வடிவம் அற்புதமாக வந்துவிட்டது என்று நம்பித் தூங்கி, காலையில் ஃபோனில் போட்டால் பிஸ்கட் டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது.

இயந்திரத்துக்கு அனுப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. அவசரத்தில், முடிவை வெட்டாமல் முழு நீளத்தையும் ஏற்றிவிட்டேன். டீ ஆறுவதற்குள் திரும்பி வந்தது. மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின் ஆபீஸின் சோதனை அறைக்குள் போய்க் கேட்டேன். எதிரொலியே இல்லாத அறை அது. கதவைச் சாத்தினால் நம் இரத்தம் ஓடுவது கேட்கும்.

பாட்டு பளிச்சென்று இருந்தது. சத்தம் கூடினாலே காது அதை நல்லது என்று நம்பிவிடும். அது தெரிந்தும் எனக்குப் பிடித்தது. ஆனால் இயந்திரம் சின்னதையெல்லாம் பெரிதாக்கி வைத்திருந்தது. மின்விசிறி கேட்டது, கிதார் நரம்பில் விரல் வழுக்குவது கேட்டது. கடைசித் தந்தி அதிர்ந்து அடங்கியது.

இங்கே என் விதி ஒன்றைச் சொல்லவேண்டும். பாட்டு முடிந்தபின் பத்து எண்ணும்வரை யாரும் பேசக்கூடாது. தந்தியின் அதிர்வு முழுக்க அடங்கவேண்டும். இரண்டு பேரும் விரல்விட்டு எண்ணுவார்கள். கடைசி டேக் அன்று, பாட்டு முடியும் நேரத்தில் ஆன்ட்டி கையசைத்துக் கூப்பிட, ரெக்கார்டிங்கை நிறுத்தாமலே நான் பலகாரத் தட்டு வாங்க அடுக்களைக்குப் போனேன். அவர்கள் ஒழுங்காகப் பத்து எண்ணியிருக்கிறார்கள். அதன்பின் ரஜாய்க்கு அந்தப் பக்கம், ஜன்னல் ஓரத்திலிருந்து தணிந்த குரலில் ஆன்டோ கேட்டான்.

"சவுண்டுகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லடா. பாட்டு வெளிய வந்துரட்டும். மஸ்கட்டுன்னு இப்பச் சொன்னா மூஞ்சி தொங்கிரும்."

"பாவம், அஞ்சு பாட்டுக்கு லிஸ்ட்டு போட்டு வச்சிருக்கா."

"இன்னும் லேமினேட் பண்ணல. அதுவே சந்தோஷம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பிரியமானவர்களைப் பற்றிச் சிரிக்கிற சிரிப்புதான். மொத்தம் பதினோரு விநாடி. நான் அதை ஆறுமுறை கேட்டேன். பிறகு போய், மிச்சமிருந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கான குரல்களுக்கு மதிப்பெண் போட்டேன்.

மூன்றாவது வழிக்காக மூன்று பேரும் அடுகோடிக்குப் போனோம். லேத் பட்டறைக்கு மேல் மாடியில் ஒரு அறை. மாஸ்டரிங் செய்கிற உதய்க்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கன்னடத்துக்காரர், தமிழும் நன்றாகப் பேசினார். கீழே லேத் ஓடும்போது தரையே நடுங்கும் என்பதால், முக்கியமான கேட்டலை அவர்களுடைய சாப்பாட்டு வேளைக்கு ஒதுக்கி வைத்திருந்தார். என்னுடையது, இயந்திரத்தினது, தான் செய்தது என மூன்று வடிவங்களையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து போட்டார். அப்படிச் செய்ததும் இயந்திரத்தின் பளபளப்பு பாதி போய்விட்டது.

என்னுடையதைக் கேட்டு, "சுத்தமா இருக்கு மேடம். ஆனா மூச்சு எங்க? இவங்க பாடுறாங்களா, தண்ணிக்குள்ள இருக்காங்களா?" என்றார். ஆன்டோ கட்டிலில் இருந்திருந்தால் உருண்டு சிரித்திருப்பான். அங்கே நாற்காலிதான் இருந்தது.

அடுத்து இயந்திரம் செய்ததை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டார். முழு நீளத்தையும். கொண்டுவரும்போதே வெட்டியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டு இரவு அதைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். கத்தரியைத்தான் வைக்க முடியவில்லை. இவர்கள் கேட்கட்டுமே என்று மனதின் ஒரு மூலையில் இருந்தது. இப்போது அந்தப் பெரிய ஸ்பீக்கர்களின் முன் ஜெசிந்தா கண்ணை மூடி, தன் குரலைத் தானே கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கடைசித் தந்தி. ஆன்டோ பழக்கத்தில் விரல்விட ஆரம்பித்தான். ஏழாவது விரலில் நான் உதயின் கைக்கு மேலாக எட்டி நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்துன?" என்றாள் ஜெசிந்தா.

"அவ்வளவுதான். முடிஞ்சிருச்சு."

உதய் என்னைப் பார்த்தார். திரையில் அலைக்கோடு இன்னும் கொஞ்சம் நீண்டிருப்பது அவருக்குத் தெரியும். அந்தக் கோப்பை மூடினார். மூச்சு வெட்டாத பழைய கலவையை முன்பே வாங்கி, தான் செய்து வைத்திருந்த வடிவத்தைப் போட்டார். குரல் அறை நடுவே வந்து நின்றது. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அவள் மூச்சிழுப்பது கேட்டது. வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் அப்படித்தான் மூச்சிழுப்பாள்.

"எது, சவுண்டு? நீ சொல்றதுதான்" என்றாள் ஜெசிந்தா.

இன்னும் இரண்டு வாரம் இழுத்திருக்கலாம். அடிநாதம் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

"இதுதான். இனிமே இதுல ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றேன்.

பாட்டு வெளிவந்த மறு சனிக்கிழமை ஜெசிந்தா மஸ்கட் விஷயத்தைச் சொன்னாள். அங்கே பள்ளிக்கூட வேலை, மூன்று வாரத்தில் கிளம்பவேண்டும். நான் ஆச்சரியப்பட்டேன். கொஞ்சம் அளவு கூடிவிட்டது என்று நினைக்கிறேன். அவள் அழுதாள், நான் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். எனக்கு முன்பே தெரியும் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

வருடங்கள் ஆகிவிட்டன. ஆன்ட்டியும் அவளோடு போய்விட்டார். ஆன்டோ அத்திபெலே பக்கம் ஒரு கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறான். உதயின் மாடியில் இப்போது ஜிம். முதலில் வாரம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்த நானும் ஜெசிந்தாவும், இப்போது பிறந்தநாளுக்கு இரண்டு வரி தட்டி அனுப்பிக்கொள்கிறோம்.

பாட்டு எங்கும் போகவில்லை, தேடினால் கிடைக்கும். மூச்சு உட்பட எல்லாம் இருக்கிறது. ஆனால் அவள் பேசுவது என்னிடம் இல்லை. நான்கு மாதச் சனிக்கிழமைகளில் அந்த மைக்கில் விழுந்த எத்தனையோ பேச்சை, "ஐயோ தப்பு, இன்னொரு தடவ", ஆன்டோவைத் திட்டியது, அம்மாவிடம் தண்ணீர் கேட்டது என எல்லாவற்றையும், தேவையில்லாதது என்று அன்றன்றைக்கே வெட்டிச் சுத்தம் செய்துவிட்டேன். தப்பிப் பிழைத்தது அந்தப் பதினோரு விநாடி ஒன்றுதான். அடுகோடியிலிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலம், கை கழுவி உட்கார்ந்து, அதையும் நான் அழித்தேன்.